அந்தப் பேரைச் சொன்னால்

பூக்காரி கெம்பம்மா பண்ணை ஆட்களின் குடியிருப்புக்குள் நுழையும்போது எப்போதும் ஒரே மாதிரிதான் கூவுவாள். "மல்லீ... கனகாம்பரம்... சம்பங்கீ..." என்று கடைசிப் பூவின் பேரை மட்டும் தெருக்கோடி வரைக்கும் இழுத்து விடுவாள். அன்று காலையும் அப்படித்தான் கூவினாள்.

ராமப்பன் வீட்டு வாசலில் சுருண்டு படுத்திருந்த நாய் விருட்டென்று எழுந்தது. கெம்பம்மாவை நோக்கி ஓடி, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. கூடையை முகர்ந்தது. அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி அதை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கன்றுக் கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, வேலியோரமாகவே ஓடிப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் மறைந்தது.

வீட்டுக்குள் ராமப்பன் களியைப் பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சென்னம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நாய் எங்கெங்கே போகும், திரும்பி வந்து என்ன செய்யும் என்பது இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. நாக்கு தொங்க வாசற்படியில் நின்று சென்னம்மா முகத்தைப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. ராமப்பன் முகத்தைப் பார்த்தது. எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன், இல்லை, இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பது போன்ற பார்வை.

ராமப்பன் களியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

"யக்கா, இந்த வரிசைக்கு வந்தா மட்டும் அந்தப் பூ பேரைச் சொல்லாதக்கா."

கெம்பம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, தப்பாய்த்து சாமி. நெனப்பே இல்லாம கூவிட்டேன்ப்பா."

அதற்கப்புறம் அந்த வரிசையில் அவள் "வெள்ளைப் பூ" என்றுதான் கூவினாள்.

சம்பங்கி ராமப்பனின் மகள். எட்டு வயது. அவள் செத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மத்திகிரி அரசாங்கப் பண்ணையில் ராமப்பனுக்குத் தீவனப் புல் அறுக்கும் வேலை. ஓசூர் மதராஸோடு இருக்குமா, மைசூரோடு போய்விடுமா என்று டீக்கடையில் ஓயாமல் வாதம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பண்ணைக் குடியிருப்பில் அந்த வாதத்துக்கு இடமில்லை. ராமப்பன் வீட்டில் தமிழ், சுவருக்கு அந்தப் பக்கம் கன்னடம், எதிர் வாசலில் தெலுங்கு. சம்பங்கி மூன்றிலும் சண்டை போடுவாள், மூன்றிலும் சமாதானமாவாள்.

நாய் அவளுடையது. பண்ணை டாக்டர் வளர்த்த சீமை நாய்க்கும் ஏதோ ஒரு தெரு நாய்க்கும் பிறந்த குட்டி. வெள்ளை உடம்பும் பழுப்புக் கண்ணுமாக இருந்ததால் அவளே "தொரை" என்று பேர் வைத்தாள். வைத்த நாளிலிருந்து அதனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "வா" என்றாலும் வரும், கன்னடத்தில் "பா" என்றாலும் வரும், தெலுங்கில் "ரா" என்றாலும் வரும். சொம்பு என்றால் சொம்பின் பக்கத்தில் போய் நிற்கும். செருப்பு என்றால் ராமப்பனின் செருப்பைக் கவ்விக்கொண்டு வரும். "அப்பா எங்க?" என்று கேட்டால் புல்வெளிக்கு ஓடி வந்து ராமப்பன் காலில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பி ஓடும். அதைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள், "ராமப்பா, வூட்டுலேர்ந்து உனக்குத் தந்தி வந்துட்டுப் போவுது" என்று சிரிப்பார்கள்.

சம்பங்கிக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. அவள் போய் எங்காவது ஒளிந்துகொள்வாள். வீட்டு வாசலில் நின்று சென்னம்மா, "சம்பங்கி எங்கடா?" என்று கேட்க வேண்டும். தொரை அவள் ஒளியும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிடும். வேலை கிடக்கிற நேரத்தில் இது என்ன கூத்து என்று சென்னம்மா முணுமுணுப்பாள். ஆனாலும் கேட்பாள்.

மாசி மாதத்தில் சம்பங்கிக்குத் தொண்டை வலி வந்தது. பனிக்கு வந்த வலி என்று நினைத்து மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். மறுநாளே கழுத்து வீங்கி, மூச்சு விடுவதே சத்தமாகக் கேட்டது. தொண்டை அடைப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். குரல் போய்விட்டது. தொரையைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. நாய் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அவள் கையை ஆட்டினாள். கைக்கு என்ன அர்த்தம் என்று அவள் அதற்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். தொரை பஸ்ஸின் பின்னால் புழுதிக்குள் ஓடி வந்ததை ராமப்பன் பார்த்தான். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, பஸ் நிற்கும் பெரிய தைல மரத்தடிக்கே திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். விடியும்போது பிள்ளை போய்விட்டது. ஒட்டுகிற நோய் என்பதால் ஓசூரிலேயே அடக்கம் செய்துவிட்டு, இரண்டு பேரும் வெறும் கையோடு பஸ் ஏறினார்கள். தைல மரத்தடியிலேயே காத்திருந்த நாய் பஸ்ஸைப் பார்த்து வாலை ஆட்டியது. ராமப்பன் இறங்கினான். சென்னம்மா இறங்கினாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டே பஸ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் பேரைச் சொல்லி அழுதார்கள். ஒவ்வொரு முறையும் தொரை எழுந்து ஓடியது. தேடியது, திரும்பி வந்து எல்லார் முகத்தையும் பார்த்தது. அழுதவர்கள் அதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். நாலாம் பேர் வரும்போது ராமப்பன் வாசலில் எழுந்து நின்று, "இந்த வூட்டுல யாரும் அந்தப் பேரைச் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டான்.

அப்படித்தான் அந்தப் பேர் வீட்டை விட்டுப் போயிற்று. முதலில் "அவ" என்று பேசிக்கொண்டார்கள். அவளுடைய பாவாடை, அவள் நட்ட அவரைக்கொடி என்று எதையாவது சொல்லப் போனால் பேர் நாக்கு நுனிக்கு வந்துவிடும். வந்த பேரை விழுங்க வேண்டும். விழுங்கி விழுங்கிப் பேச்சே குறைந்தது. உப்பு இருக்குதா, அரிவாள் எங்கே, மழை வருமா என்பதோடு சரி.

சித்திரை முடிந்து வைகாசி வந்தது. மத்தியான வேளைகளில் புல் அறுத்துக்கொண்டிருந்த ராமப்பன் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தான். வெயில் உச்சிக்கு வந்து இறங்கும் நேரத்தில் தொரை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடி வரும். சுற்றிப் பார்க்கும். கன்றுக் கொட்டகைக்குப் போகும். வேலியோரமாகவே ஓடிப் பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் பஸ் நிற்கும் தைல மரத்துக்குப் போகும். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பும். தினமும் இதே பாதை.

யாரும் பேர் சொல்லாமலே அதுவாகத் தேடுகிறது என்று ராமப்பன் நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. நாம் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறோம், இந்த வாயில்லாத ஜீவன் நமக்கும் சேர்த்துத் தேடுகிறது என்று எண்ணிக்கொள்வான். அந்த நேரம் வந்தால் அரிவாளை நிறுத்திவிட்டு அது வரும் திசையைப் பார்ப்பான்.

ஒரு நாள் முற்பகலிலேயே இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. மேஸ்திரி எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார். ராமப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மழை விட்டுச் சுளீரென்று வெயில் அடித்தது. வீட்டின் பின்புறமாக வந்தவன், சென்னம்மாவின் குரலைக் கேட்டு நின்றான். அவள் இத்தனை நாளாக மறந்துபோயிருந்த ஒரு குரல் அது. பிள்ளையோடு விளையாடும்போது வரும் குரல்.

"தொரை... சம்பங்கி எங்கடா? போ ராசா. போய்ப் பாத்துட்டு வா. தொட்டிக்குப் பின்னால இருக்காளா பாரு."

நாய் பாய்ந்து ஓடும் சத்தம் கேட்டது. ராமப்பன் முன்னால் வந்தான். சென்னம்மா வாசற்படியில் உட்கார்ந்து, நாய் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. காத்திருக்கிறவள் முகமாக இருந்தது.

"தினமும் நீதான் அனுப்புறியா?" என்றான்.

சென்னம்மா திடுக்கிடவில்லை. "ஆமா."

"இன்னாமே இது? வாயில்லாத ஜீவனை இப்படி ஏமாத்தறியே!"

"ஆமா, ஏமாத்தறேன்." அவள் அவனைப் பார்க்காமலே பேசினாள். "நீ தேடறதில்ல. நானும் தேடறதில்ல. நமக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குத் தெரியாது. அது போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும், ஒருவேளை கூட்டிக்கிட்டு வந்துடுமோன்னு எனக்கும் கொஞ்சம் இருக்குது. அந்த நேரம் ஒண்ணுதான் நான் உசுரோட இருக்கற நேரம். அதையும் வேணாங்கறியா?"

"அது திரும்பி வந்து உன் மூஞ்சியைப் பாக்கும்போது?"

"அப்ப செத்துப்போவேன்" என்றாள். "நாளைக்கு மறுபடியும் கேப்பேன்."

அன்று ராமப்பன் சாப்பிடவில்லை. இப்படியே விட்டால் இவள் பைத்தியமாகிவிடுவாள், நாயும் ஓடி ஓடிச் செத்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. நாய் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டில் பிள்ளை சாகவே போவதில்லை, தினமும் ஒரு முறை செத்துக்கொண்டிருக்கும் என்று பட்டது.

சூளகிரிப் பக்கம் நிலம் வைத்திருந்த திம்மராயன் என்பவர் பண்ணையில் காளைக்கன்று வாங்க அடிக்கடி வருவார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். வேர்க்கடலைக் காட்டில் பன்றி விழுகிறது, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது ராமப்பன் தொரையைக் கூட்டிக்கொண்டு போனான்.

"ரொம்பப் புத்தி உள்ளதுங்க. பேச்சைப் புரிஞ்சிக்கும்" என்றான்.

வண்டியில் ஏறத் தொரை தயங்கியது. ராமப்பனைத் திரும்பிப் பார்த்தது. அவன் அதுவரை அந்த நாயிடம் அதிகம் பேசியதே இல்லை. அவனுக்கும் அதற்கும் நடுவில் எப்போதும் பிள்ளை இருந்தாள். "போ, தொரை" என்றான். சொன்னதும் அது வண்டிக்குள் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டி போகப் போக, இனி எப்போது இறங்கச் சொல்வான் என்பது போல அவனையே பார்த்துக்கொண்டு போயிற்று.

சென்னம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வீட்டுக்கு வந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. வாசலில் கிடந்த நாய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. களி கிண்டி வைப்பாள், தண்ணீர் எடுத்து வைப்பாள், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று ராமப்பன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஆனி மாதத்துக் காற்று வீச ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் புல்வெளியில் குனிந்திருந்தவன், பழக்கத்தில் நிமிர்ந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தான். அங்கே சென்னம்மா நின்றுகொண்டிருந்தாள். குடம் எதுவும் கொண்டுவரவில்லை. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கன்றுக் கொட்டகைக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தானை காற்றில் அடித்துக்கொள்ள வேலியோரமாகவே நடந்து பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் மறைந்தாள். அடுத்து தைல மரத்தடிக்குத்தான் போவாள் என்று ராமப்பனுக்குத் தெரியும். போனாள். ரோட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வந்த வழியே திரும்பினாள்.

"உன் சம்சாரம் ஏதோ தொலைச்சுட்டாப்பல இருக்குதே" என்று பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவன் சொன்னான். ராமப்பன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் விடியும்போதே பஸ் பிடித்துச் சூளகிரிக்குப் போனான்.

திம்மராயன் அவனைப் பார்த்ததும் கையை விரித்தார். "ராமப்பா, பேச்சுப் புரியும்னு சொன்னியே. அதுக்குக் காதே கேக்காது போல இருக்குதுப்பா. வந்த அன்னிக்கே கயித்தை அறுத்துக்கிட்டுப் பாறை மேல ஏறிடுச்சு. நானும் ரா ரான்னு கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

அவர் மனைவி நாகம்மா, "தினமும் பாறைக்கடியில களி வெச்சுட்டு வர்றேன். நாம இந்தப் பக்கம் வந்தப்புறந்தான் எறங்கி வந்து துன்னுது. ஒரு வாட்டிகூட குரைச்சதில்லப்பா" என்றாள்.

கடலைக் காட்டின் ஓரத்தில் பெரிய பாறை. அதன் உச்சியில் வெயிலில் படுத்திருந்தது தொரை. விலா எலும்புகள் தெரிந்தன. ராமப்பனைப் பார்த்ததும் தலையைத் தூக்கியது.

"தொரை, வா" என்றான்.

காது மட்டும் அசைந்தது. "பா" என்றான். "ரா" என்றான். அது பார்த்துக்கொண்டே இருந்தது, வரவில்லை. அவன் பாறையில் கால் வைத்து ஏறினான். அது எழுந்து இன்னும் மேலே போய்ப் படுத்தது. போ என்று சொன்னவன் வா என்றால் எப்படி நம்பும்? ராமப்பன் இறங்கிக் கீழே உட்கார்ந்துகொண்டான். செருப்பைக் கழற்றித் தூக்கிக் காட்டி, "செருப்பு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி நின்ற திம்மராயனுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

எந்தச் சொல்லுக்கு அது இறங்கி வரும் என்று ராமப்பனுக்கு வந்தபோதே தெரியும். அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் அதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அழுகையில்கூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பயம் அவனுக்கு இருந்துகொண்டே இருந்தது.

"சம்..." என்று தொடங்கினான். நாய் எழுந்து நின்றது.

"சம்பங்கி," என்றான். "சம்பங்கி எங்கடா, தொரை?"

நாய் பாறையில் சறுக்கிக்கொண்டு இறங்கியது. அவனைத் தாண்டி ஓடியது. அவனுக்குப் பின்னால் பார்த்தது, வேலிக்குப் பின்னால் பார்த்தது, திம்மராயனின் வண்டிக்கடியில் புகுந்து பார்த்தது, கிணற்று மேட்டைச் சுற்றியது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சென்னம்மா சொன்னது ராமப்பனுக்கு விளங்கியது. எதற்கென்று தெரியாமலே அவனும் அந்த வேலிப் பக்கம், அந்த மேட்டுப் பக்கம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருவேளை, ஒருவேளை என்று அடித்துக்கொண்டது மனது.

நாய் திரும்பி வந்து அவன் முன்னால் நின்று முகத்தைப் பார்த்தது.

ராமப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். ஓசூரில் குழியில் மண் தள்ளியபோது வராத அழுகை அது. திம்மராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகம்மா ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரோட்டோடு நடந்தான். முதலில் தொரை அடிக்கடி நின்றது, திரும்பிப் பார்த்தது. நிற்கும்போதெல்லாம் ராமப்பன் அந்தப் பேரைச் சொன்னான். சொன்னதும் முன்னால் ஓடி ரோட்டோரப் புதர்களைப் பார்த்துவிட்டு வரும். சும்மா பேரை மட்டும் சொல்லி ஏய்ப்பது அவனுக்கே கஷ்டமாக இருந்தது. அதனால் அதனிடம் பேச ஆரம்பித்தான். சம்பங்கி பிறந்தபோது எவ்வளவு மழை, சம்பங்கிக்குப் பல் விழுந்ததும் அதை எங்கே போட்டாள், சம்பங்கி எந்தக் காய்க்கு முகம் சுளிப்பாள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தான். லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். பேர் வரும்போதெல்லாம் நாய் நிமிர்ந்து பார்த்தது. மற்றபடி அவன் காலோடு ஒட்டியே நடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மத்திகிரி வந்தது. தைல மரத்தடியில் சென்னம்மா நின்றுகொண்டிருந்தாள். அவனையும் நாயையும் அவள் பார்ப்பதற்கு முன்பே அவன் குரல் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் அப்போதும் பேசிக்கொண்டுதான் வந்தான்.

"நீயா சொன்னே?" என்றாள். பல நாளுக்கப்புறம் பேசுவதால் குரல் கரகரத்தது.

"நான்தான் சொன்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"சம்பங்கி" என்றான்.

தொரை தொட்டியை நோக்கி ஓடியது. இருவரும் அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது திரும்பி வந்து முகத்தைப் பார்த்தபோது சென்னம்மா குனிந்து அதன் தலையைத் தடவி, "இல்லடா ராசா. இல்ல" என்றாள். அதை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து வீட்டில் பேர் திரும்பவும் புழங்க ஆரம்பித்தது. தேடி வா என்று யாரும் சொல்லவில்லை. சம்பங்கி நட்ட அவரையில் பூ விட்டிருக்குது, சம்பங்கி பாவாடையை யாருக்காவது கொடுத்துடலாமா என்று பேச்சோடு பேச்சாக வந்தது. முதலில் ஒவ்வொரு முறையும் நாய் ஓடியது. பிறகு தொட்டி வரைக்கும் போய்த் திரும்பியது. ஆடி போய் ஆவணி வருவதற்குள் வாசலோடு நின்றுகொண்டது. அப்புறம் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

ராமப்பன் பண்ணை டாக்டரிடம் இதைச் சொன்னான். அவர், "ஒரு வார்த்தையைச் சொன்னா அதுக்கு உண்டானது கிடைக்கணும், ராமப்பா. கிடைக்கவே இல்லேன்னா, அது வெறும் சத்தம்னு நாய் விட்டுடும்" என்றார். இதை ராமப்பன் வீட்டில் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு நாள். வேலை கிடையாது. தொரை அடுப்பங்கரைச் சூட்டில் படுத்திருந்தது. சென்னம்மா மொச்சை உரித்துக்கொண்டே, "போன வருஷம் இதே மழையிலதான் சம்பங்கி குடை கேட்டு அழுதா" என்றாள். சொல்லிவிட்டு நாயைப் பார்த்தாள். அது கண்ணைத் திறக்கவில்லை. "சம்பங்கி" என்று மெதுவாகச் சொன்னாள். காதுகூட அசையவில்லை.

மொச்சை முறத்தை அப்படியே ஒதுக்கி வைத்தாள். "இதுக்கும் அவ இல்லாமப் போயிட்டா" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நாமதான் பேசிப் பேசித் தேய்ச்சிட்டோம். அவளுக்குன்னு எழுந்து ஓடறதுக்கு இனிமே யாருமே இல்ல."

ராமப்பன் எழுந்துபோய் நாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அதன் மூச்சு சீராக வந்துபோய்க்கொண்டிருந்தது.

"பேசாமலே இருந்திருக்கலாமா?" என்று கேட்டான்.

சென்னம்மா தலையை ஆட்டினாள். "வேணாம்" என்றாள்.

"கன்னுக் கொட்டாயில ஒரு செவலைக் கன்னு இருந்துச்சே, அதுக்கு அவ ஒரு பேர் வெச்சிருந்தா. உனக்குத் தெரியுமா?" என்றான் ராமப்பன்.

"தெரியாதே. இன்னா பேரு?"

"சென்னம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என் பேரா?"

"எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்குதுப்பான்னு சொன்னா. வூட்டுல சொல்லிடாதன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா."

சென்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழுதை" என்றாள். "அப்புறம்? அந்தக் கன்னு அவ சொன்னா கேக்குமா?"

"எங்க கேக்கும்? சம்பங்கியை ஒரு நாள் முட்டித் தள்ளிடுச்சு. அன்னிக்கு மண்ணும் சாணமுமா வந்து நின்னாளே, வாய்க்கால்ல விழுந்தேன்னு உங்கிட்ட பொய் சொன்னாளே..."

வெளியே மழை வலுத்தது. சென்னம்மா முறத்தைத் திரும்ப மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ராமப்பன் சொல்லிக்கொண்டே இருந்தான்.